யார் கையில் வாங்குவீர்கள்

சோற்றோடு வாழைப்பழம் தின்பார்கள் என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் நான் சாமான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களில் ஒருவன், ஹிர்ஸி என்ற சோமாலியப் பையன், "அரிசி ஐந்து கிலோ, சோற்றுக்கு வாழைப்பழம் இரண்டு சீப்பு" என்று எழுதிக் கொடுத்தபோது, பாவம், அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டான் என்று நானே திருத்திக்கொண்டேன். எங்கள் கம்பாலாவில் வாழை என்றால் மட்டோக்கேதான். பச்சைக் காயை உரித்து, இலையில் பொதிந்து அவித்து, மசித்துச் சாப்பிடுவோம். அதைவிட மேலான சாப்பாடு பூமியில் இருக்கும் என்று எங்களில் ஒருவரும் நம்புவதில்லை. ஆகவே ஒரு முழுத் தாரையே லுபேகாவின் மோட்டார் சைக்கிளில் கட்டி அனுப்பிவைத்தேன். அரிசியை அனுப்பவில்லை. மட்டோக்கே இருக்கும்போது அரிசி எதற்கு?

அன்று சாயங்காலமே ஹிர்ஸி போன் செய்தான்.

"அக்கா, இத வெச்சு நான் என்ன பண்ணட்டும்? வீடு கட்டவா?"

நான் போய்ப் பார்த்தேன். கடனாக வாங்கிய அரிசியில் சோறு வடித்து, ஆட்டுக்கறி போட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் சோறு, ஒரு கடி பழம். எனக்குக் குமட்டும் என்றுதான் நினைத்தேன். குமட்டவில்லை. 'இது எப்படி இருக்கும்?' என்று மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. கேட்டு வாங்கித் தின்றேன். நன்றாகவே இருந்தது. அதில்தான் எனக்கு இன்னும் கோபம், என் மேலேயே.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி யார் எதைக் கேட்டாலும் நான் திருத்தமாட்டேன். பெயரையும் நம்பமாட்டேன். ஒரே பெயரில் ஊருக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கட்டம் போட்டு, கேள்விகள் எழுதினேன். என்ன நிறம்? மூக்கில் வைத்தால் என்ன வாசம்? கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? சமைக்கும்போது என்ன சத்தம் கேட்கும்? எதோடு சேர்த்துச் சாப்பிடுவீர்கள்? ஆறாவது கேள்வி தொழிலுக்குத் தேவையில்லாதது. ஊர் வம்புக்கு அலையும் என் குணத்தால் வந்தது. ஊரில் இதை யார் கையில் வாங்குவீர்கள்?

லுபேகா என் கணவரின் தம்பி. வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பொறுப்பு. என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணி, சாமான் வாங்கித் தரப் போறீங்களா, இல்ல போலீஸ்ல வாக்குமூலம் எழுதப் போறீங்களா?"

"உன் வேலை வண்டி ஓட்டுறது. வாயை ஓட்டாத."

ஆனால் கேள்விகள் வேலை செய்தன. ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஒரு பெண் சோள மாவு கேட்டாள். பெயரை மட்டும் கேட்டிருந்தால், இங்கே கடைகளில் கிடைக்கும் வெள்ளை வெளேர் என்ற முதல் ரக மாவைக் கொடுத்திருப்பேன். கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நறநறன்னு இருக்கணும், தவிடு தெரியணும்" என்றாள். மில்லுக்குப் போய்க் கேட்டேன். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தனை கோழி வளக்குற?" என்றார். அந்த மாவைத்தான் அவள் முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

இதற்கெல்லாம் முன்னால் நான் கிக்கோனி சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தேன். இந்த வேலையை ஆரம்பித்ததும் கடையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். நாத்தனாரிடம் கொடுத்த கடை திரும்பி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே இந்த வேலை எப்படியாவது நிலைத்து நிற்க வேண்டும். அங்கொருவர் இங்கொருவராக வீடு வீடாகக் கொடுத்தால் வண்டிக்குப் பெட்ரோல் போடவே சரியாகப் போய்விடும். ஹிர்ஸி இருந்த நீலக் கதவு விடுதி முழுவதும் கிடைத்தால் பிழைத்தோம். அறுபத்திரண்டு மாணவர்கள், பதினோரு நாடுகள், ஒரே பொதுச் சமையலறை.

அந்த விடுதியின் சாப்பாட்டுக் குழுவுக்கு எனங்கா என்ற பெண் தலைவி. கேமரூன்காரி, கடலோர லிம்பே நகரம், கட்டடப் பொறியியல் படிக்கிறவள். ஒரு பெரிய கடையின் ஆட்கள் குளிர்சாதன வண்டி, போனில் ஆர்டர் செய்யும் வசதி என்று எல்லாவற்றோடும் வந்து அவளிடம் ஏற்கெனவே பேசிவிட்டுப் போயிருந்தார்கள். நான் என் நோட்டோடு ஒரு திங்கட்கிழமை போனேன். வாசலுக்குப் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"அக்கா, எல்லாரும் இருக்கறதத்தான் கொண்டாறேங்கறாங்க. எனக்கு இல்லாதது வேணும். இந்தச் சனிக்கிழமைக்குள்ள எங்க ஊரு எண்டோலே கொண்டாங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா வண்டிக்காரங்களுக்குக் குடுத்துருவேன். தப்பா நெனக்காதீங்க."

"தப்பா நெனக்க என்ன இருக்கு. எண்டோலேன்னா என்ன?"

"இலை."

"என்ன மரத்து இலை?"

"மரமா? எனக்கென்ன தெரியும். அது உருண்டையா இருக்கும்."

"இலை எப்படிம்மா உருண்டையா இருக்கும்?"

"சந்தையில அப்படித்தான் இருக்கும். பச்சை உருண்டை. ஒரு பிடி அளவு. தட்டுல அடுக்கி வெச்சிருப்பாங்க."

கட்டடமே கட்டத் தெரிந்த பெண்ணுக்கு இலை மரத்தில்தான் முளைக்கும் என்று தெரியவில்லையே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சமைக்கும்போது என்ன சத்தம்?

"சத்தமே போடாது. நிலக்கடலை விழுதுல அமுங்கிப் போயிரும். ஆனா கழுவறப்ப பாத்திருக்கேன். அந்த அம்மாங்க கை முழுக்க நுரை வரும், துணி தொவைக்கிற மாதிரி. அவ்வளவு கசப்பு அதுல. கழுவிக் கழுவி, கசப்புன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு ஞாபகம் வர்ற அளவுக்கு மட்டும் விட்டுருவாங்க."

ஆறாவது கேள்வியைக் கேட்டேன். அவள் பின்னால் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மா எஃபோசின்னு ஒருத்தங்க. மீன் கடைக்கு அடுத்த கடை. நான் அஞ்சு வயசுலேருந்து அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். எப்பப் பாத்தாலும் 'இளைச்சுப் போயிட்டியே'ன்னு சொல்லி, ஒரு உருண்டை கொசுறு போடுவாங்க. இங்க வந்து மூணு மாசம் ஆச்சு. உண்மையிலேயே இளைச்சுத்தான் போயிட்டேன். சொல்லத்தான் ஆளில்ல."

நோட்டில் 'மா எஃபோசி' என்று எழுதிக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் சந்தை சந்தையாக அலைந்தேன். எங்கள் ஊர் நாகாத்திக் கீரை, பூசணி இலை, மரவள்ளி இலை என்று ஊரில் இருக்கும் பச்சையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றாக மென்று துப்பினாள். வியாழக்கிழமை நகரத்தின் மறுகோடியில் ஒரு கடையில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய்ந்த இலைப் பொட்டலம் கிடைத்தது. மேலே அதே பெயர் எழுதியிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்து முகர்ந்தாள்.

"இது செத்துப் போச்சு அக்கா" என்றாள். ஏதோ என் வீட்டில்தான் யாரோ செத்தது போல அவளே என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று வேகமாக வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லுபேகா காய்ச்சலில் விழுந்தான். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், முலுலூஸா இலைச் சாறு குடிக்காமல் எங்கள் வீட்டில் எந்தக் காய்ச்சலும் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா என் இரண்டு கையையும் தன் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி, மூக்கைப் பிடித்து அந்தக் கசப்பை ஊற்றுவார். செய்யாத தப்புக்கு வாங்கிய அடி மாதிரி இருக்கும். இன்றைக்கும் அந்தச் செடியின் பக்கத்தில் போனால் என் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த செடியில் ஒரு கொத்து பறித்து, பேசினில் தண்ணீர் விட்டுக் கசக்கினேன். மத்தியான வெயில். மனம் முழுக்க மறுநாள் சனிக்கிழமை என்பதிலேயே இருந்தது. நாத்தனாரிடம் போய்க் கடையை எப்படித் திருப்பிக் கேட்பது, கேட்டால் என்ன சொல்வாள் என்று மனதுக்குள் சண்டை போட்டபடியே கசக்கினேன். குனிந்து பார்த்தபோது கை தெரியவில்லை. முழங்கை வரைக்கும் பச்சை நுரை.

எனங்கா சொன்னது ஞாபகம் வந்தது.

கை முழுக்க நுரை, துணி துவைக்கிற மாதிரி.

அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கீழே கொட்டினேன். புதுத் தண்ணீர் விட்டேன். மறுபடி கசக்கினேன், மறுபடி கொட்டினேன். உள்ளேயிருந்து லுபேகாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணி, மருந்தக் கழுவிக் கீழ ஊத்துறீங்களே. நான் போயிரணும்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"உனக்கு எடுத்து வெச்சாச்சு. பேசாம படு. இது சாப்பாடு."

"முலுலூஸா சாப்பாடா? அப்ப காய்ச்சல் எனக்கில்ல, உங்களுக்கு."

நான்காவது தண்ணீரில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். கசந்தது. ஆனால் அப்பாவின் முழங்கால் ஞாபகம் வரும் அளவுக்கு இல்லை. பிழிந்து உருட்டினேன். ஒரு பிடி அளவுக்குப் பச்சை உருண்டை வந்தது. இப்படி மூன்று செய்து தட்டில் அடுக்கினேன். எங்கோ ஒரு ஊரில் இதற்காக ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அப்பா மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றியதற்கு அர்த்தம்தான் என்ன என்று யோசித்து யோசித்துத் தூக்கமே போனது.

சனிக்கிழமை காலை லுபேகாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. போர்வைக்குள்ளிருந்தே புத்தி சொன்னான்.

"இது எங்க கிடைக்குதுன்னு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிராதீங்க அண்ணி. ஏதோ தூர ஊருன்னு சொல்லுங்க. ஊரெல்லாம் சும்மா மொளைச்சுக் கிடக்கறத உருட்டி உருட்டிக் குடுத்தே காலத்த ஓட்டிரலாம்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேறொரு வண்டி பிடித்துப் போகும்போது வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரம், ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். விடுதி வாசலில் இறங்கினேன். நீலக் கதவு. சிமென்ட் பெஞ்ச். அதன் பின்னால் ஆள் உயர வேலி, அதன்மேல் வரிசையாகச் சட்டைகள், போர்வைகள், யாருடையதோ கால்பந்து ஜெர்சி. வேலியை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். துணிகளுக்கு அடியில் வாசலிலிருந்து மூலை வரைக்கும் முலுலூஸாதான். நான் எத்தனை தடவை அங்கே வந்திருக்கிறேன். மருந்துச் செடிக்குச் சாப்பாட்டு நோட்டில் என்ன வேலை என்று என் கண் அதைப் பார்க்கவேயில்லை.

எனங்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டைத் திறந்தேன். ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பவள் போல மேலும் கீழும் ஆட்டினாள். ஒரு துணுக்கு பிய்த்து நாக்கில் வைத்தாள்.

"கசக்குது" என்றாள்.

நான் மூடியைக் கையில் எடுத்தேன்.

"கழுவுனது பத்தல. ஆனா இதுதான். அக்கா, இதேதான்." கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "எங்க கிடைச்சுது? எவ்வளவு தூரம் போனீங்க?"

ஏரிக்கு அந்தப் பக்கம் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கிளை அவள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, நான் சொல்லப்போவதைக் கேட்க முகத்தை முன்னால் நீட்டினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. லுபேகா மேல், அந்த வேலி மேல், என் மேல். பொய் சொல்ல வேண்டும் என்றால் வியாழக்கிழமையே காய்ந்த பொட்டலத்தை ஊறவைத்து ஏமாற்றியிருக்கலாமே.

"திரும்பிப் பாரு" என்றேன்.

திரும்பினாள். "என்னத்த?"

"இப்ப கையால தள்ளுனியே, அத."

ஒரு இலையைக் கிள்ளி மென்றாள். முகம் அஷ்டகோணலாகப் போனது. துப்பினாள். மறுபடி கிள்ளி மென்றாள். பிறகு வேலியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தாள்.

"மூணு மாசமா இதுமேல என் சட்டைய உலர்த்தறேன்" என்றாள். "தினமும் சாயங்காலம் இங்கதான் உக்காந்து அம்மாகிட்ட போன்ல அழுவேன்."

பிறகு, கணக்குப் போடுகிற பெண் அல்லவா, கேட்டுவிட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டாள்.

"வாசல்லயே இருக்குன்னா, இதுக்கு எதுக்கு அக்கா நீங்க?"

தட்டை மூடி நோட்டைப் பைக்குள் வைத்தேன். சந்தையில் நாத்தனார் என் தராசில் தக்காளியை நிறுத்துப் போடுவது கண் முன்னால் வந்தது.

"இருங்க, போயிராதீங்க" என்றாள். துணிகளை அள்ளி உள்ளே எறிந்துவிட்டு ஒரு பேசின் நிறைய இலை பறித்தாள். ஹிர்ஸி உட்பட ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். குழாயடியில் உட்கார்ந்து கசக்க ஆரம்பித்தாள். முதல் தண்ணீர், இரண்டாவது தண்ணீர். இலை கிழியவேயில்லை, நுரையும் சரியாக வரவில்லை. மூன்றாவதில் கை சிவந்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். போனை எடுத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, வேலியையும் பேசினையும் என்னையும் காட்டினாள். அம்மா சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது.

"அடியே, நம்ம குளியலறைக்குப் பின்னாடி நிக்குதே, அது என்னன்னு நெனச்சுக்கிட்டிருந்த?"

"செடின்னு நெனச்சேன்."

"செடிதான். அதேதான்."

"நம்ம வீட்லயே இருக்குன்னா அப்பறம் எதுக்கு மா எஃபோசிகிட்ட வாங்குன?"

"நீ இப்ப எத்தனை தண்ணி கழுவியிருக்க?"

"மூணு."

"கை எப்படி இருக்கு?"

எனங்கா கையைப் பார்த்தாள்.

"பத்துத் தண்ணி கழுவணும். நடுவுல உப்புப் போட்டு ஒரு கொதி. அதுக்குத்தான் மா எஃபோசி" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, அவ கையால ஒரு நாளும் கழுவுனதில்ல. கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

பேசினை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூன்று தலைமுறையாகக் காய்ச்சலுக்குக் கசக்கிய குடும்பத்தின் கை இது. நான்காவது தண்ணீர், ஐந்தாவது, உப்பு, கொதி, ஆறாவது, ஏழாவது. ஹிர்ஸி தண்ணீர் மாற்றினான். பத்தாவது தண்ணீர் தெளிவாக ஓடியது. நிலக்கடலை அரைத்தார்கள், ஊர் நெத்திலி போட்டார்கள், வாழைக்காய் அவித்தார்கள். அது மட்டோக்கே இல்லை, ஆனாலும் நான் எதையும் திருத்தவில்லை.

என் தட்டில் போட்டதும் என் நாக்கு வழக்கம்போல உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். கடலை, மீன், அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் என் அப்பா. இத்தனை வருடமாக அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்திருக்கிறது, அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எனங்கா என் பையிலிருந்து நோட்டை அவளே எடுத்தாள். "வாரா வாரம் சனிக்கிழமை இருபது உருண்டை. இலைய இங்கயே பறிச்சுக்கங்க. கழுவுனதுதான் வேணும், பத்துத் தண்ணி. மத்தவங்க சாமானும் உங்ககிட்டதான்" என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டை வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். அவளுடைய பக்கத்தில் ஆறாவது கட்டத்தில் நான் எழுதியிருந்த மா எஃபோசி என்ற பெயருக்குக் கீழே, பச்சை விரல் கறை பதிய அழுத்தி எழுதியிருந்தாள்: நாகிமேரா.

அது என் பெயர்.